மிளகைத் தர மறுத்த சுல்தான்: திப்புவின் வாழ்வில் ஒரு வணிகப் போர்

ஈக்காட்டுத்தாங்கலில் மெட்ரோ ரயில் ஏறினால் ஆலந்தூருக்கு அடுத்த நிலையம் பரங்கிமலை. 1769ஆம் ஆண்டு மார்ச் மாதக் கடைசியில் மைசூரின் ஹைதர் அலீ தம் குதிரைப்படையோடு வந்து நின்றது அந்த மலைப்பக்கம்தான். கோட்டைக்குள் இருந்த கிழக்கிந்தியக் கும்பினியின் கவர்னருக்கு வேறு வழி இருக்கவில்லை. ஏப்ரல் தொடக்கத்தில் ஹைதரோடு உடன்படிக்கை செய்துகொண்டார். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, 1767இல், ஹைதரின் மகன் ஒரு குதிரைப்படைப் பிரிவை நடத்திக்கொண்டு இதே சென்னைப் புறநகர்வரை வந்து கும்பினிக்காரர்களைக் கலங்கடித்துவிட்டுத் திரும்பியிருந்தார். அப்போது அவருக்கு 17 வயதுகூட நிறையவில்லை. அவர்தான் திப்பு.

இந்த வரலாற்றை இப்போது எழுதத் தூண்டியது ஒரு கேள்வி. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா நம் நாட்டுப் பொருள்கள் பலவற்றின் மீதான வரியை 50 சதவீதத்துக்கு உயர்த்தியது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை தோல் தொழிற்சாலைகளிலும் திருப்பூர் பனியன் கம்பெனிகளிலும் அந்தச் செய்தி எப்படி இறங்கியது என்பதை அங்கே உறவினர் உள்ள எல்லாக் குடும்பங்களும் அறியும். ஒரு ஜும்ஆவுக்குப் பிறகு, கிண்டிப் பக்கம் சிறு பட்டறை வைத்துத் தோல் பை தைத்துக் கொடுக்கும் சகோதரர் ஒருவர் என்னிடம் வந்தார். அவருக்கு வேலை கொடுக்கும் ஏற்றுமதியாளர் ஆர்டரைப் பாதியாகக் குறைத்துவிட்டார். பெரிய வியாபாரி நம் கழுத்தைப் பிடிக்கும்போது நாமும் பதிலுக்குக் கதவை அடைத்தால் என்ன ஹஜ்ரத் என்று கேட்டார். பொருளாதார நிபுணர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி. ஆனாலும் கதவை உண்மையிலேயே அடைத்துப் பார்த்த ஒருவரின் வாழ்க்கை எனக்கு உடனே நினைவுக்கு வந்தது.

திப்பு 1750 நவம்பர் 20 அன்று, இன்றைய பெங்களூரு விமான நிலையத்துக்கு அருகிலுள்ள தேவனஹள்ளியில் பிறந்தார். நம் தமிழ்நாட்டுக்கும் அவர் பெயருக்கும் தொடர்பு உண்டு. ஆற்காட்டில் அடங்கியிருக்கும் திப்பு மஸ்தான் அவுலியாவின் பெயரைத்தான் பெற்றோர் அவருக்கு வைத்தார்கள். தந்தை ஹைதருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அந்தக் குறை மகனுக்கு வரக்கூடாது என்று குர்ஆனும் மார்க்கச் சட்டமும் ஃபார்சியும் கற்ற ஆசிரியர்களை அமர்த்தினார். வாளும் குதிரையும் மட்டும் தெரிந்த மன்னராகவே நம் பிள்ளைகளின் பாடநூல்கள் திப்புவைக் காட்டுகின்றன. மேசை முன் அமர்ந்து, பட்டுப்புழு முட்டை எந்தக் கப்பலில் வருகிறது, மஸ்கட்டில் அரிசி என்ன விலை என்று கடிதம் கடிதமாக எழுதிக் கேட்ட திப்புவை அவை காட்டுவதில்லை.

போர்க்களச் செய்திகள் பலரும் அறிந்தவை. 1780 செப்டம்பரில் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படை அழிந்தது. 1782 டிசம்பரில் சித்தூர் அருகே பாசறையில் ஹைதர் மறைந்தார். போர் நடந்துகொண்டிருக்கும்போதே திப்பு அரியணை ஏறினார். 1784 மார்ச் 11 அன்று மங்களூர் உடன்படிக்கையோடு அந்தப் போர் முடிந்தது. கும்பினிக்கு அது அவமானமாகப் பட்டது. ஆனால் நம் விஷயத்துக்கு முக்கியமானது அந்த உடன்படிக்கையின் வணிகப் பகுதி. 1770ஆம் ஆண்டு ஒப்பந்தத்திலும் அதற்கு முன்பும் ஹைதர் கும்பினிக்கு அளித்திருந்த வணிகச் சலுகைகள் எல்லாவற்றையும் திப்பு அதில் புதுப்பித்துக் கொடுத்திருந்தார்.

அந்தச் சலுகைகளின் கனம் புரிய மலபார் மிளகின் கதை தெரிய வேண்டும். ஐரோப்பாவுக்குப் போகும் கப்பல்களுக்கு மிளகும் ஏலக்காயும் சந்தனமும் தேவை. இவை விளையும் மலைகளில் பெரும்பகுதி மைசூரின் ஆட்சியில் இருந்தது. வாங்குபவர்களில் பெரியவர் கும்பினி. தலச்சேரியில் கோட்டையும் பண்டகசாலையும் வைத்துக்கொண்டு, உள்ளூர் ராஜாக்களோடு தனித்தனியே ஒப்பந்தம் போட்டு, முதலில் எங்களுக்கு, எங்கள் விலைக்கு, சுங்கம் குறைத்து என்று ஏற்பாடு செய்துகொள்வது அவர்களின் வழக்கம். விலை ஏறினால் பீரங்கி பேசும். விளைவிப்பவன் தன் பொருளுக்குத் தானே விலை சொல்ல முடியாத வியாபாரம் அது. 2025இல் ஒரு வல்லரசு தன் துறைமுகத்தில் வரியைக் கூட்டி நம் விலையை நெருக்கியது. அன்று கும்பினி நம் துறைமுகத்திலேயே உட்கார்ந்துகொண்டு அதைச் செய்தது.

போர் முடிந்த சில ஆண்டுகளுக்குள் திப்பு மிளகு, சந்தனம், ஏலம் ஆகியவற்றின் வணிகத்தை அரசின் கைக்குள் கொண்டுவந்தார். விளைச்சல் அரசுப் பண்டகசாலைக்கு வர வேண்டும். அங்கிருந்து அரசின் ஆட்களே விற்பார்கள். ஆங்கிலேயருக்கு விற்கக் கூடாது. தலச்சேரிப் பண்டகசாலை காய்ந்தது, கப்பல்களுக்குச் சரக்குத் தேடிக் கும்பினி அதிகாரிகள் அலைந்தார்கள்.

இங்கே ஆலிம் என்ற முறையில் எனக்கு ஓர் உறுத்தல் உண்டு. சொல்லாமல் போவது நேர்மையாகாது. உடன்படிக்கையை நிறைவேற்றுவது நம் மார்க்கத்தில் கடமை. எதிரி மாற்று மதத்தவர் என்பதால் அது தளர்வதில்லை. மங்களூரில் சலுகை தருவதாகக் கையெழுத்திட்டுவிட்டு, விற்கச் சரக்கே இல்லாதபடி செய்தது சரியா? திப்புவின் பக்கமும் நியாயம் இருந்தது. 1769இல் செய்துகொண்ட உடன்படிக்கையில் ஒருவர் தாக்கப்பட்டால் மற்றவர் உதவ வேண்டும் என்று இருந்தது. அடுத்த ஆண்டே மராட்டியர் மைசூர் மீது படையெடுத்தபோது கும்பினி கைகட்டி நின்றது. அந்தத் துரோகத்தை நேரில் கண்டு வளர்ந்தவர் திப்பு. தம் நாட்டு விளைச்சலை யார் விற்பது என்பது தம் உரிமை என்று அவர் கருதியதையும் தவறென்று தள்ள முடியாது. ஆனாலும் அந்தச் சலுகைகளைக் கேட்டு மீண்டும் பேச்சுவார்த்தை நடத்தி, மாற்றி எழுதியிருந்தால் அவருடைய கரம் இன்னும் தூய்மையாக இருந்திருக்கும் என்பது என் கருத்து.

கதவை அடைப்பது எளிது. அடைத்த பிறகு சரக்கை எங்கே விற்பது? இதற்கு அவர் தேடிய விடைகள்தான் வியப்பானவை.

முதல் விடை மஸ்கட். ஓமானுக்கு அரிசி வேண்டும். மங்களூர் அரிசி அங்கே காலங்காலமாகப் போய்க்கொண்டிருந்தது. திப்பு மஸ்கட்டில் மைசூரின் பண்டகசாலை அமைத்து, அங்கேயே தங்கும் முகவர்களை நியமித்தார். மிளகும் சந்தனமும் ஏலமும் அரிசியும் துணியும் அங்கே போயின. குதிரையும் கந்தகமும் முத்தும் பேரீச்சையும் இங்கே வந்தன. மஸ்கட் ஆட்சியாளர் மைசூர் வணிகர்களுக்கு மற்றவர்களைவிடக் குறைந்த சுங்கம் வைத்தார். திப்புவும் தம் துறைமுகங்களில் ஓமான் கப்பல்களுக்குச் சுங்கத்தைக் குறைத்தார். இன்றைய மொழியில் இருதரப்பு வணிக ஒப்பந்தம். குஜராத்தின் கட்ச் பகுதியிலும் பண்டகசாலைகள் எழுந்தன.

இந்தக் கொடுக்கல் வாங்கலைப் படிக்கும்போதெல்லாம் கலீஃபா உமர் (ரலி) அவர்களின் சுங்கத் தீர்ப்பு என் நினைவுக்கு வரும். முஸ்லிம் வணிகர்கள் எல்லை தாண்டிப் போனால் அங்கே பத்தில் ஒரு பங்கு வசூலிக்கிறார்கள் என்று அபூ மூஸா அல்அஷ்அரீ (ரலி) எழுதினார்கள். அவர்கள் நம்மிடம் வாங்குவதுபோல் நீங்களும் அவர்களிடம் வாங்குங்கள் என்பது உமரின் பதிலாக இருந்தது. இமாம் அபூயூசுஃப் (ரஹ்) தம் கிதாபுல் கராஜில் இதைப் பதிவு செய்கிறார்கள். பதிலுக்குப் பதில் வரி என்பதற்கு இதை ஆதாரமாகச் சொல்பவர்கள் அத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் இன்னொரு செய்தி இருக்கிறது. மதீனாவுக்குக் கோதுமையும் எண்ணெயும் கொண்டுவந்த நபத்திய வணிகர்களிடம் அதே உமர் (ரலி) பாதி வரிதான், அதாவது இருபதில் ஒரு பங்குதான் வாங்கினார்கள். ஊருக்குள் உணவு தாராளமாக வரட்டும் என்பது நோக்கம். பருப்பு வகைகளுக்கு மட்டும் முழுப் பத்தில் ஒரு பங்கு. மக்களின் அடுப்பு எரிவதற்கு எது தேவையோ அங்கே பதிலடி இல்லை. பிடிக்கும் கையும் விடும் கையும் ஒரே ஆட்சியாளருடையவைதான்.

திப்பு தேடிய இரண்டாவது விடை தூரத்து நட்பு. 1786இல் நான்கு கப்பல்களில் ஒரு பெரும் தூதுக்குழுவை உஸ்மானியத் தலைநகர் இஸ்தான்பூலுக்கு அனுப்பினார். பஸ்ராவில் வணிக வசதி கேட்பது அதன் நோக்கங்களில் ஒன்று. பயணம் பெரும் சோகமாயிற்று. கப்பல்கள் சேதமாயின, கொள்ளை நோயில் ஏராளமானோர் மாண்டனர். உஸ்மானிய சுல்தானுக்கோ ரஷ்யாவோடு போர், ஆங்கிலேயரைப் பகைத்துக்கொள்ள மனமில்லை. பஸ்ரா கிடைக்கவில்லை. 1788 ஆகஸ்டில் வெர்சாய் அரண்மனையில் பதினாறாம் லூயி மன்னரைச் சந்தித்த மூன்று தூதர்களும் சில கைவினைஞர்களை அழைத்துக்கொண்டு வந்தார்கள், அதற்கு மேல் பெரிதாக எதுவுமில்லை. ஒரே உம்மத் என்பதாலேயோ பொது எதிரி என்பதாலேயோ வணிகக் கதவு திறந்துவிடாது. மஸ்கட் திறந்ததற்குக் காரணம் அவர்களுக்கு அரிசி தேவைப்பட்டது.

மூன்றாவது விடை உள்நாட்டில். வெளியிலிருந்து வாங்குவதை இங்கேயே செய்ய முடியுமா என்று ஓயாமல் முயன்றார். வங்காளத்திலிருந்து பட்டுப்புழு வளர்க்கத் தெரிந்தவர்களை வரவழைத்தார். மஸ்கட்டிலிருந்தும் புழுக்களைத் தருவித்தார். முசுக்கொட்டை நடச் சொல்லி அதிகாரிகளுக்கு உத்தரவு போனது. தந்தை தொடங்கிய லால்பாக் தோட்டத்துக்குப் பல நாடுகளிலிருந்தும் செடிகளைச் சேர்த்தார். இவற்றில் பலவும் அவர் காலத்தில் முழுப் பலன் தரவில்லை. ஆனால் இன்று காஞ்சிபுரத் தறிகளுக்கு வரும் பட்டு நூலில் பெரும்பகுதி கர்நாடகத்திலிருந்துதான் வருகிறது. நம் வீட்டு நிக்காஹ்களில் மணப்பெண் உடுத்தும் பட்டுச் சேலையின் இழையில் அந்தச் சுல்தானின் கடிதங்களுக்கும் ஒரு பங்கு உண்டு.

அரசு வணிக நிறுவனத்துக்கு அவர் 1793-94 வாக்கில் எழுதிய ஒழுங்குமுறையும் கவனிக்கத்தக்கது. வணிகத்துக்கென்றே தலைமை அதிகாரிகள் குழு ஒன்று. மலிக்குத் துஜ்ஜார் என்பது அவர்களின் பெயர். நாட்டுக்குள்ளும் வெளியிலும் பண்டகசாலைகள். பொதுமக்களும் அதில் பணம் போடலாம். 5 ரூபாய் முதல் 500 வரை போடும் சிறியவருக்கு இலாபம் 50 சதவீதம். 500 முதல் 5000 வரை 25. அதற்கு மேல் 12. கும்பினி இலண்டன் செல்வந்தர்களின் பணத்தில் நடந்தது. திப்பு தம் நாட்டு எளியவர்களுக்கு அதிக வீதம் வைத்தார். விகிதத்தை இப்படி முன்கூட்டியே நிர்ணயிப்பது குறித்து பிக்ஹ் நோக்கில் கேள்வி கேட்கலாம். முதல் போட்டவர் நட்டத்திலும் பங்கேற்றால்தான் அது முளாரபா. மதரஸா மாணவர்களுக்கு நல்ல ஆய்வுத் தலைப்பு இது.

இதுவரை சொன்னதைக் கேட்டால் எல்லாமே வெற்றி என்று தோன்றும். அப்படி இல்லை.

மிளகு விவசாயிக்கு விலை கொடுப்பது இப்போது ஒரே ஒருவர், அதாவது அரசு. அடைத்த கதவைச் சுற்றி இரகசிய வழிகள் திறந்தன. மலையிலிருந்து மிளகு கடத்தப்பட்டுத் தலச்சேரிக்குப் போனது. அங்கே கும்பினிக்கு மிளகு சேகரித்துக் கொடுத்தவர்களில் முதன்மையானவர் சொவ்வக்காரன் மூஸா என்ற மாப்பிள்ளை வணிகர். நம்மவர்தான். அவரைத் துரோகி என்று எழுதுவது எளிது. ஆனால் வணிகர் விலை கிடைக்கும் பக்கம் போவார். மலபாரில் மைசூர் ஆட்சியின் கடுமையை எதிர்த்து நாயர்கள் மட்டுமல்ல, மாப்பிள்ளைகளில் ஒரு பகுதியினரும் எழுந்தார்கள். அந்த மக்களைக் கையாண்ட விதத்தில் சுல்தானின் ஆட்சி தவறுகள் செய்தது. அவர் மீது நமக்கு உள்ள நேசம் அதை மறைக்கத் தேவையில்லை.

இன்னொன்று இதைவிடப் பெரியது. கும்பினியோடு மட்டும் வணிகத்தை நிறுத்தவில்லை. ஆற்காடு நவாபின் நாட்டோடும் ஹைதராபாத் நிஜாமின் நாட்டோடும் வணிகத்தைத் தடுத்தார். 1800இல் கும்பினி அனுப்பிய பிரான்சிஸ் புக்கானன் மைசூர் முழுதும் சுற்றி எழுதிய அறிக்கையில், பெங்களூர் வணிகர்கள் இந்தத் தடையால் நொடித்துப் போனதைக் குறிப்பிடுகிறார். வென்றவர்களின் சம்பளத்தில் எழுதியவர் அவர். அவர் சொல் எல்லாவற்றையும் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. ஆனால் கிழக்கே வேலூர், ஆற்காடு வழியாகச் சென்னைக்கும் வடக்கே ஹைதராபாத்துக்கும் காளை வண்டிகளிலும் பொதி மாடுகளிலும் போய்க்கொண்டிருந்த சரக்கு நின்றால் முதலில் நொடிவது உள்ளூர் செட்டியும் நெசவாளியும்தான் என்பதை அறிய அறிக்கை எதுவும் தேவையில்லை.

அதன் அரசியல் விலை 1790இல் தெரிந்தது. திருவிதாங்கூர் எல்லையில் தொடங்கிய மோதலைக் காரணம் காட்டிக் காரன்வாலிஸ் போர் தொடுத்தபோது நிஜாமும் மராட்டியரும் கும்பினியின் பக்கம் நின்றார்கள். மைசூரோடு நல்ல வணிகம் இருந்திருந்தால் அவர்கள் விலகி நின்றிருப்பார்கள் என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன். பழைய பகைகள் ஏராளம். ஆனால் மைசூர் வீழ்ந்தால் தங்களுக்கு நட்டம் என்று சொல்ல அந்த நாடுகளில் ஒரு வணிகர்கூட இல்லாமல் போனார். கடல் தாண்டிய மஸ்கட்டோடு சுங்கத்தைக் குறைத்துக்கொண்டவர், வேலி ஓரத்து அண்டை வீட்டாரோடு அதைச் செய்யவில்லை.

1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் நாட்டில் பாதி போனது. 3 கோடியே 30 இலட்சம் ரூபாய் தண்டம். மலபார் முழுதும் கும்பினியின் கைக்குப் போயிற்று. எந்த மிளகை விற்க மறுத்தாரோ அந்த மிளகு மலைகளையே இழந்தார். நம் திண்டுக்கல்லும் சேலம், கிருஷ்ணகிரி வட்டாரமும் அப்போதுதான் கும்பினி வசமாயின. அவருடைய இரு புதல்வர்கள், சிறுவர்கள், பிணையாகச் சென்னைக்குக் கொண்டுவரப்பட்டு 1794வரை இங்கே வைக்கப்பட்டார்கள். 25 ஆண்டுகளுக்கு முன் எந்த நகரின் வாசலைத் தட்டினாரோ அந்த நகரில் அவருடைய பிள்ளைகள் கைதிகள். முன்னே சொன்ன வணிக ஒழுங்குமுறையை அவர் எழுதியது இந்தத் தோல்விக்குப் பிறகு என்பதைக் கவனியுங்கள். மிளகு போன பின்னும் சந்தனமும் பட்டும் மஸ்கட்டும் இருக்கின்றன என்று மறுபடியும் கணக்கேட்டைத் திறந்தார். தண்டத்தை அடைத்தார், பிள்ளைகளை மீட்டார்.

மஸ்கட்டும் நிலைக்கவில்லை. 1798 அக்டோபரில் கும்பினி ஓமான் ஆட்சியாளரோடு ஓர் உடன்படிக்கை செய்து, பிரெஞ்சுக்காரர்களுக்கு அங்கே இடமில்லாமல் செய்தது. திப்புவுக்குக் கடலில் மிஞ்சியிருந்த பெரிய நட்பின் மீதும் கும்பினியின் நிழல் விழுந்தது. ஏழு மாதங்களில், 1799 மே 4 அன்று, ஸ்ரீரங்கப்பட்டணக் கோட்டை தாக்கப்பட்டு வீழ்ந்தது. உணவுக்கு அமர்ந்திருந்த வேளையில் செய்தி கேட்டு எழுந்து போன சுல்தான் கோட்டை வாசலருகே போரிட்டு ஷஹீதானார். பிணங்களுக்கு நடுவே விளக்கு வெளிச்சத்தில் அவருடைய உடலைத் தேடி எடுத்தார்கள். மறுநாள் தந்தையின் அருகில், கும்பஸில் அடக்கப்பட்டார்.

குடும்பத்தார் வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுவரப்பட்டார்கள். 1806 ஜூலை 10 வேலூர்ப் புரட்சிக்குப் பிறகு கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டார்கள். அந்த வேலூருக்குச் சுற்றுவட்டாரத்தில்தான் பின்னர் தோல் தொழில் வேரூன்றியது.

இதையெல்லாம் அந்தச் சகோதரரிடம் ஓர் அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் பள்ளிவாசல் திண்ணையில் உட்கார்ந்து சொன்னேன். போர்களைச் சொன்னபோது தலையாட்டிக்கொண்டிருந்தவர், மஸ்கட் அரிசியைப் பற்றிச் சொன்னபோது நிமிர்ந்து உட்கார்ந்தார். 2025 டிசம்பர் 18 அன்று அதே மஸ்கட்டில் இந்தியாவும் ஓமானும் வணிக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டதைச் சொன்னேன். தோல் பைக்கு அங்கே சுங்கம் எவ்வளவு என்று கேட்டார். அதைத் தோல் ஏற்றுமதிக் கழகத்தில் விசாரிக்கச் சொன்னேன். மஃரிபுக்கு பாங்கு சொன்னார்கள். எழுந்து உளூச் செய்யப் போனோம்.